ஒயில் பிளக்: சின்னச் சாமான், பெரிய செலவு

றிச்மண்ட் ஹில்லில இரவு வேலைக்குப் போற மாணவருக்குப் பழைய கார்தான் கதி. அதின்ர எஞ்சினைக் காப்பாத்துறது கீழ கிடக்கிற ஒரு சின்ன ஒயில் பிளக். அது கழண்டால் ஒயில் எல்லாம் றோட்டில, பிறகு எஞ்சின் இறுகிப்போம்.

வேற கொம்பனிப் பிளக் வாங்க முதல் புரியைப் பாருங்கோ. ரொயோட்டா கொறொலாவுக்கு 12 மில்லிமீற்றர், புரி இடைவெளி 1.25. ஹொண்டா சிவிக்குக்கு 14, இடைவெளி 1.5. கடையில 12 இலேயே 1.5 இடைவெளியும் கிடக்கும். அதை கொறொலாவுக்குப் பலவந்தமாய் இறுக்கினால் பானின்ர புரி போச்சு.

காந்தப் பிளக்? இரும்புத் தூளைப் பிடிக்கும், அலுமினியத்தைப் பிடிக்காது. ஃபில்டர் மாத்தத்தான் வேணும்.

ஜப்பான் ஃபுமோட்டோ வால்வுக்கு ஸ்பனர் தேவையில்லை, கையால திறக்கலாம். ஆனால் கீழ நீட்டிக்கொண்டு நிக்கும். எங்கட உறைபனிக் கட்டிகளுக்கு மேலால ஓடேக்க எனக்கு அது பயம்.

அறைத்தோழனுக்கு ஒரு கராஜில புரியைத் தின்னுற அளவுக்கு இறுக்கிவிட்டு, புரி வெட்டிக்கொண்டு போற பெரிய பிளக்கைப் போட்டு அனுப்பிவிட்டினம். அது தற்காலிக வைத்தியம். வெட்டுப்பட்ட உலோகத்தூள் பானுக்குள்ளயும் விழும். புரிக்கு உள்ளுறை போடுறது அல்லது பானை மாத்துறதுதான் சரி.

என்ர தெரிவு: சாதாரண பிளக், ஒவ்வொருமுறையும் புது வாசர், ரோர்க் றெஞ்ச். கொறொலாவுக்கு 37 நியூட்டன் மீற்றர் போதும். பலத்தைக் காட்ட வேற இடம் இருக்கு மக்காள்!