போன் மக்கர் பண்ணுதா? பதினைந்து எண்ணுங்க ஸார்!

மணி பதினொன்று ஆகியும் என் செல்போனில் மட்டும் 8.42!

திருவல்லிக்கேணி மேன்ஷனில் பல் தேய்த்துக்கொண்டே கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தபோது நின்றது, நின்றதுதான். தட்டினேன், உதறினேன், திட்டினேன். ம்ஹூம். மானேஜரிடம் அதையே காட்டி, "நான் லேட்டே இல்லை ஸார்" என்று சொல்லலாமா என்றுகூட ஒரு நப்பாசை.

பழைய போன் என்றால் முதுகைத் திறந்து பாட்டரியைக் கழற்றி மாட்டியிருப்பேன். இப்போது வருகிறவை பெரும்பாலும் கழற்ற முடியாத ரகம். அரை நாள் லீவு போட்டுவிட்டு ரிச்சி தெருவுக்கு ஓடினேன்.

கடைப் பையன் ஒரே ஒரு பார்வை. "ஃபேக்டரி ரீசெட் போட்டுடலாம் ஸார். 300 ரூபா. உள்ளே இருக்கிறதெல்லாம் போயிடும், பரவால்லையா?"

'சரி' என்று வாய்வரை வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. போன வருஷம் காலமான அப்பா கடைசியாக அனுப்பிய குரல் அதில்தான் இருக்கிறது. பதினோரு விநாடி. "சாப்பிட்டியாடா? சனிக்கிழமை வர்றப்போ என் குடையை மறக்காம எடுத்துட்டு வா." வேறெங்கும் காப்பி எடுத்து வைக்கவில்லை. (சோம்பேறித்தனம்தான்!)

பக்கத்து ஸ்டூலில் பழைய டிரான்சிஸ்டரைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிராமலே, "இங்க கொடு தம்பி" என்றார். பவர் பட்டன், வால்யூம் குறைக்கும் பட்டன் இரண்டையும் சேர்த்து அமுக்கிக்கொண்டு ஒண்ணு, ரெண்டு என்று எண்ண ஆரம்பித்தார். பன்னிரண்டில் திரை கறுத்தது. என் முகமும்தான். பதினைந்தில் கம்பெனி சின்னம் பளிச்!

"ஐயா, உள்ளே இருக்கிறதெல்லாம்..?"

"அப்படியே இருக்கும்ப்பா. அவன் சொன்னது வீட்டையே காலி பண்றது. நான் பண்ணினது மெயின் ஸ்விட்சை அணைச்சுப் போட்டது."

விஷயம் இதுதான். மென்பொருள் எவ்வளவுதான் உறைந்து கிடந்தாலும், பவர் பட்டனை நீண்ட நேரம் அமுக்கினால் கவனித்துக்கொள்ள உள்ளே தனிச் சிப் ஒன்று விழித்திருக்கிறது. தற்காலிக நினைவகம் மட்டும்தான் காலியாகும். போட்டோ, குரல் எல்லாம் வேறு இடத்தில் பத்திரம்.

பல ஆண்ட்ராய்டு போன்களுக்கு இந்த வழிதான். சின்னம் வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். சிலவற்றில் இங்கிலீஷ் மெனு ஒன்று வந்து நிற்கும். 'வைப் டேட்டா' பக்கம் கை போகவே கூடாது, 'ரீபூட்' போதும். ஐபோன் 8-ம் அதற்குப் பிறகு வந்தவையும் என்றால் வால்யூம் கூட்டும் பட்டனை ஒரு தட்டு, குறைக்கும் பட்டனை ஒரு தட்டு, பிறகு பக்கவாட்டுப் பட்டனை ஆப்பிள் தெரியும்வரை விடாப்பிடி!

"எவ்வளவுங்க ஐயா?"

"ஒரு டீ சொல்லு."

டீ வருவதற்குள் அப்பாவின் குரலை அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது: "அந்தக் குடை என்கிட்டதான்டா இருக்கு."