பூச்சியத்துள் மறையும் மரணம்: மீள்நிகழ்வுப் பகுப்பாய்வு பற்றிய ஒரு குறிப்பு

ஒரு நோய் ஒருவரிடத்திற் பலமுறை மீளலாம். மரணம் ஒருமுறையே நிகழும், அதன்பின் மீள்வதற்கு எதுவுமில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே கணிக்கும்போது எழும் சிக்கலையே புள்ளிவிபரவியலாளர் போட்டியிடும் ஆபத்துக்களுடன் கூடிய மீள்நிகழ்வுகள் என்பர். இலக்கிய ஆய்வாளருக்கு இங்கு என்ன வேலை என வினவப்படலாம். ஒரு குறியீடு எதனை வெளிப்படுத்துகின்றது, எதனை மறைக்கின்றது என்பது எமது துறைக்கும் உரிய வினாவே.

ஐக்கிய அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவ நிர்வாகம் சார்ந்த கூட்டாய்வு ஒன்று, சிறுநீர்ப்பைக் கட்டிகள் மீளத் தோன்றுவதை ஆராய்ந்தது. அதன் தரவுகள் ‘ஆர்’ எனும் கணினிமொழியில், டெரி தேர்னோ உருவாக்கிய ‘சர்வைவல்’ மென்பொருட் பொதியுடன் இலவசமாகக் கிடைக்கின்றன. முழுத் தரவில் 118 நோயாளர் உளர். கட்டி மீண்டால் 1. அந்நோயால் இறந்தால் 2. வேறு காரணத்தாலோ அறியப்படாத காரணத்தாலோ இறந்தால் 3. இவை எதுவும் நிகழாது கண்காணிப்பு முடிவுற்றால் 0. ஆயின் ஆய்வெழுத்துக்களிற் பெரிதும் எடுத்தாளப்படும் வடிவம் வேறு. அதில் 85 பேரே உளர்; கட்டி மீண்டால் 1, ஏனைய யாவும் 0. மரணமும் அப்பூச்சியத்துள் அடங்கிவிடுகின்றது. பொதியின் விளக்கக் குறிப்பே இதனை மறையாது கூறுகின்றது.

விளைவு யாது? கற்பனையாகப் பத்து நோயாளரைக் கொள்வோம். முதலாண்டில் ஐவர் கட்டி மீளாமலே இறக்கின்றனர். இரண்டாமாண்டில் எஞ்சிய ஐவருக்கும் ஒருமுறை கட்டி மீள்கின்றது. இறந்தோரை இடையில் விலகியோராகக் கணித்தால் தலைக்கு ஒரு மீள்வு என விடை வரும். இறந்தவரும் மற்றையோர் போன்றே பின்னர் நோயுறுவர் என்பது அதன் மறைமுகமான எடுகோள்! உண்மையிற் பத்துப் பேரிடத்து ஐந்து மீள்வுகளே நிகழ்ந்தன, தலைக்கு அரை. கோஷ், லின் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை, அவ்வக்காலத்து மீள்வு வீதத்தை உயிருடனிருக்கும் நிகழ்தகவாற் பெருக்கிக் கூட்டி, இவ்வரையினைத் தருகின்றது. ‘மெற்ஸ்’ எனும் பொதியில் இது கிடைக்கும்.

இதனை வெறும் கணிதத் தவறெனக் கொள்ளுதல் போதாது. மருந்து கட்டியைத் தடுக்கின்றதா என்று மட்டும் வினவுவோருக்கு மரணம் ஓர் இடையூறாகவே தோன்றும். நோயாளியின் நிலையில் நின்று வினவினால் அதுவே முதல் வினா. மேலும், அரை என்னும் சரியான விடையுங்கூடத் தனித்து நின்றால் ஏமாற்றும். நோயாளரை விரைந்து கொல்லும் மருந்தொன்றும் மீள்வுகளின் சராசரியைக் குறைத்தே காட்டும். எனவே மரணவீதத்தையும் அதனருகே வைத்துப் படித்தல் வேண்டும். அடிக்கடி நோய் மீள்பவரே விரைந்து இறப்பவராகவும் இருக்குமிடத்து, இரு நிகழ்வுகளையும் பிணைத்து மாதிரியாக்கும் ‘பிரெயில்டிபக்’ போன்ற பொதிகள் உள்ளன. அவையும் மரணம் தனிக் குறியீட்டுடன் பதியப்பட்டிருந்தாலே பயன்படும்.