வாகனக் கழுவலும் சுது கங்கையும்: மாத்தளை குறித்த ஒரு குறிப்பு

உக்குவளையில் மகாவலியின் திருப்பப்பட்ட நீரை 1976 முதல் ஏற்றுவரும் சுது கங்கை, மாத்தளை நகரைக் கடந்து போவத்தென்னை நீர்த்தேக்கத்தை நோக்கிச் செல்கின்றது. எனவே, நகரில் கழுவப்படும் எண்ணெய்க் கழிவு உலர்வலய உழவரையும் பாதிக்கும் விடயமாகும்.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் வாகனச் சேவை நிலையங்கள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பெறல் வேண்டும். எண்ணெய் பிரிக்கும் தொட்டியும் சேறகற்றலும் அவற்றின் செலவை உயர்த்துகின்றன. வீடுதேடி வந்து கழுவுவோர்க்கு அச்செலவில்லை, கூலியும் குறைவு. இதனைத் திறமையின் வெற்றியென நாம் கொள்ளோம். குறைந்த தொகையை ஆறன்றோ ஈடுசெய்கின்றது!

எனினும், வாளியும் துணியுங்கொண்டு மேற்பாகத்தைத் துடைக்கும் தொழிலாளி செலவிடும் நீர் சொற்பமே. அவரைத் தடைசெய்வது அநீதி. என்ஜினையும் அடிப்பாகத்தையும் தெருவோர வடிகாலருகே கழுவுதலே தடுக்கப்பட வேண்டியது. அதற்கெனத் தொட்டியுடைய பொதுக் கழுவுதளமொன்றை மாநகர சபை அமைத்து, சிறு கட்டணத்துக்கு அவர்களுக்குத் திறந்துவிடலாம்.