அடுத்த வருடத் தேங்காய் இந்த வருட மழையில் இருக்கிறது

2016ஆம் ஆண்டின் கடைசியில் நான் செய்த ஒரு வியாபாரத்தை இன்றுவரை மறக்கவில்லை. புத்தளம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தேங்காய் எடுத்து மன்னார் கடைகளுக்கு லொறியில் இறக்கிக்கொண்டிருந்த காலம் அது. 1990இல் ஊரைவிட்டுப் புத்தளம் போன எங்களில் பலருக்குத் தேங்காய் வியாபாரம் அங்கேதான் கைவந்தது. வழமையாக என்னிடம் வாங்கும் ஒருவர், அடுத்த வருடம் முழுவதும் ஒரே விலைக்குத் தரமுடியுமா என்று கேட்டார். தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். முற்றிய குலைகள் நன்றாகவே தொங்கின. சம்மதித்துவிட்டேன். காய் பறிக்க ஏறிய தம்பி மேலேயிருந்து, "நானா, குரும்பட்டியெல்லாம் கொட்டிக் கிடக்கு, பார்த்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தேன், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2016இல் சுமார் 3,011 மில்லியனாக இருந்த நாட்டின் தேங்காய் உற்பத்தி, 2017இல் சுமார் 2,450 மில்லியனாக விழுந்தது. நான் கொடுக்கச் சம்மதித்த விலையை விட வாங்கும் விலை ஏறிவிட்டது. சொன்ன சொல்லுக்காக வருடம் முழுவதும் கைநட்டத்துக்குக் கொடுத்தேன். அந்த நட்டத்துக்குப் பிறகுதான், தேங்காய் விளைச்சலை முன்கூட்டியே கணக்கிட முடியுமா என்று தேடத் தொடங்கினேன். முடியும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கணினியில் தென்னை வளர்க்கிறார்கள்!

மரத்தின் கணக்கு

முதலில் மரத்தைப் புரிந்துகொள்வோம். பாளை விரிந்ததிலிருந்து காய் முற்ற 11 முதல் 12 மாதங்கள் செல்லும். அந்தப் பாளையின் கருவோ, விரிவதற்கு ஏறக்குறைய இரண்டரை வருடங்களுக்கு முன்பே குருத்துக்குள் உருவாகிவிடுகிறது. எனவே இன்று நாம் பறிக்கும் காய்க்கு மூன்றரை வருடச் சரித்திரம் உண்டு. பாளை விரிந்த முதல் சில மாதங்களில் வரட்சி பிடித்தால் குரும்பட்டி கொட்டும். அந்த நேரத்தில் கீழ்க்குலைகள் முற்றித் தொங்குவதால் தோட்டம் செழிப்பாகவே தெரியும். என்னை ஏமாற்றியது அந்தக் காட்சிதான். வியாபாரி பார்த்தது கீழ்க்குலையை. ஏறிய தம்பி பார்த்தது அடுத்த வருடத்தை.

இரண்டு வழிகள்

விளைச்சலைக் கணக்கிட அறிஞர்கள் இரண்டு வழிகளைக் கையாள்கிறார்கள். முதலாவது புள்ளிவிபர வழி. பல வருட மழையையும் பல வருட விளைச்சலையும் பக்கத்தில் வைத்து, எந்த மாத மழை எந்த வருடக் காயோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பார்ப்பது. லுணுவிலவிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பீரிஸ், அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹான்சன், நம் நாட்டுக் காலநிலை ஆய்வாளர் லரீப் ஸுபைர் ஆகிய மூவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையானது. தென்னை வளரும் பிரதேசங்களில் முந்திய வருடம் பெய்த மழையைக் கொண்டு அடுத்த வருடத் தேசிய உற்பத்தியை மதிப்பிடலாம் என்று அவர்கள் காட்டினார்கள். அதில் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மழைக்கு முக்கிய இடம் உண்டு.

இரண்டாவது, மரத்தையே கணினிக்குள் வளர்ப்பது. இந்தியாவின் காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் நரேஷ் குமாரும் அவரோடு சேர்ந்தவர்களும் இன்போகுரொப் என்ற பயிர் மாதிரியைத் தென்னைக்குப் பொருத்தி 2008இல் வெளியிட்டார்கள். நாளாந்த வெயில், வெப்பம், மழை, காற்று, மண்ணின் ஆழம், அது பிடித்துவைக்கும் நீர், இனம், பசளை ஆகியவற்றை இதற்குக் கொடுக்க வேண்டும். ஓலை எவ்வளவு வெளிச்சத்தைப் பிடித்தது, அதில் எவ்வளவு உணவு உண்டானது, அந்த உணவில் தண்டுக்கு எவ்வளவு, வேருக்கு எவ்வளவு, காய்க்கு எவ்வளவு என்று அது நாள்தோறும் பங்கு பிரித்துக் கணக்கு எழுதும். மண்ணில் நீர் குறைந்தால் வரவு குறையும். வரவு குறைந்தால் காயின் பங்கு குறையும். நம் கடைப் பேரேடு போன்றதுதான்!

இதே மாதிரியைக் கொண்டு, வருங்காலக் காலநிலை மாற்றம் இந்தியத் தென்னையை என்ன செய்யும் என்று 2013இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கேரளா உள்ளிட்ட மேற்குக் கரையில் விளைச்சல் கூடலாம், ஆந்திரா, ஒடிசா போன்ற கிழக்குக் கரைப் பகுதிகளில் குறையலாம் என்பது அதன் முடிவு. ஒரே மரம், ஒரே நாடு. ஆனால் கரைக்கு ஒரு பதில். இதை மன்னார்க்காரர்கள் கவனிக்க வேண்டும்.

மன்னாருக்கு என்ன?

2024இன் கடைசியிலும் 2025இன் தொடக்கத்திலும் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தொட்டதை நாம் எல்லோரும் கண்டோம். 2025இல் வடக்குத் தென்னை முக்கோணத் திட்டத்தை அரசாங்கம் தொடக்கியது. முசலிப் பக்கம் மூன்று ஏக்கர் குடும்பக் காணி இருப்பதால் என் மருமகன் ஓடிவந்தான். "மாமா, காணி சும்மாதானே கிடக்கு, முழுக்கத் தென்னை வைப்போமே" என்றான்.

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். குருநாகலுக்கோ லுணுவிலவுக்கோ சரிவரும் கணக்கை அப்படியே மன்னாருக்குக் கொண்டுவர முடியாது. தென்னைக்கு வருடத்துக்கு 1,500 மில்லிமீற்றர் அளவில், பரவலாகப் பெய்யும் மழை நல்லது. மன்னாருக்குக் கிடைப்பது 1,000 மில்லிமீற்றர் அளவே. அதிலும் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் கொட்டி முடிந்துவிடும். தெற்கில் அடுத்த வருடக் காயைச் சொல்லும் ஜனவரி – மார்ச் மழை, எங்களுக்குப் பெரும்பாலும் பெயரளவில்தான். தீவுப் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாகவே நிற்கிறது. அதிகம் இறைத்தால் உப்பு மேலே வரும். கிணற்றில் இன்று தண்ணீர் இருக்கிறது என்பதற்காக நாற்பது வருட மரத்தை நட்டுவிட முடியாது.

கணினி இல்லாமலே ஒரு சிறு கணக்குப் போட்டோம். ஏக்கருக்கு 64 மரம் என்பது வழமை. மூன்று ஏக்கருக்கு 192 மரங்கள். சொட்டு நீர் முறையில் மரத்துக்கு ஒரு நாளைக்கு 40 லீற்றர் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 7,680 லீற்றர். வரட்சி ஐந்து மாதம் நீடித்தால் 150 நாட்களுக்கு 11 இலட்சத்து 52 ஆயிரம் லீற்றர்! அந்தக் கிணறு இதைத் தாங்குமா? மருமகன் பேசாமல் இருந்தான். இதுவும் ஒரு மாதிரிதான். பெரிய மாதிரிகள் இதையே நுணுக்கமாக, நாளுக்கு நாள், வருடக்கணக்கில் செய்கின்றன.

மாதிரிக்குத் தெரியாதவை

மாதிரியை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. வெள்ளை ஈயும் குரங்கும் மழைக் கணக்கில் வருவதில்லை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதை எந்த மழைமானியும் முன்கூட்டிச் சொல்லவில்லை. காலநிலையை மட்டும் பார்க்கும் மாதிரி, காலநிலையால் வரும் ஏற்ற இறக்கத்தை மட்டுமே சொல்லும். மீதியை வியாபாரி தன் கண்ணாலும் காதாலும் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று: எந்த மாதிரியும் கொடுத்ததைத்தான் திருப்பித் தரும். எங்கள் ஊர் மழையும் மண்ணும் காயும் எழுதப்படாவிட்டால், எங்களுக்கென்று பதில் கிடைக்காது. அந்தக் குறிப்பை எழுத வேண்டியவர்கள் நாங்களே.

நாம் செய்யக்கூடியவை

தோட்டம் உள்ளவர்கள் ஒரு மழைமானி வாங்கி வையுங்கள். மழை பெய்த நாளில் அளவைக் கொப்பியில் எழுதுங்கள். இரண்டு மாதத்துக்கொருமுறை பறிக்கும்போது எத்தனை மரத்தில் எத்தனை காய் என்பதையும் எழுதுங்கள். மண்ணையும் கிணற்றுத் தண்ணீரின் உப்பையும் சோதித்து, அந்தத் தாளோடு தென்னை உத்தியோகத்தரிடம் போங்கள். தேங்காய் மட்டையை எல்லாம் விற்றுவிடாமல், மரத்தைச் சுற்றிப் புதைக்க ஒரு பங்கை வையுங்கள். அது ஈரத்தைப் பிடிக்கும்.

தோட்டம் இல்லாத வியாபாரிகளுக்கு ஒன்றே ஒன்று. வருட முழுவதற்கும் விலை பேசுமுன், கடந்த பன்னிரண்டு மாத மழையைக் கேளுங்கள். கொழும்பு ஏல விலை இன்றைய தேங்காயின் விலை. நீங்கள் விற்கப்போவது அடுத்த வருடத் தேங்காயை. ஒரே விலை என்று எழுதாமல், ஏலத்தோடு ஏறி இறங்கும் விலை என்று எழுதிக்கொண்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

எங்கள் காணியில் இப்போதைக்கு ஒரு ஏக்கரில் 64 கன்றுகள் என்று முடிவு செய்திருக்கிறோம். மீதி இரண்டு ஏக்கரும், கிணற்றின் கோடைகால அளவை எழுதிப் பார்த்த பிறகு. மருமகனுக்கு ஒரு மழைமானியும் ஒரு கொப்பியும் வாங்கிக் கொடுத்தேன். அவன் சிரித்தான். 2016இல் எனக்கு யாராவது அதை வாங்கித் தந்திருந்தால், அந்த வருட நட்டம் என் கையில் மிச்சமிருந்திருக்கும்.