கட்டிலை விட்டு எழுந்து நடப்போம்: உடலுழைப்பும் ஆற்றலும்

அண்மையில் அச்சன்புதூரிலிருந்து மறுபரிசோதனைக்கு வந்த பெரியவர் ஒருவர், மகனின் தோளைப் பற்றியபடி என் அறைக்குள் நுழைந்தார். அறுபது வயதைக் கடந்த விவசாயி. இரண்டு மாதங்களுக்கு முன் மாரடைப்பு ஏற்பட்டு, இரத்தக்குழாய் அடைப்பு நீக்கப்பட்டு, ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர். எக்கோ பரிசோதனையில் அவருடைய இதயம் நன்றாகவே சுருங்கி விரிந்தது. ஆயினும், கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ அவரால் இயலவில்லை.

"வீட்டுக்குப் போனதிலிருந்து அப்பாவைக் கட்டிலை விட்டு இறங்கவே விடவில்லை, டாக்டர். தண்ணீர்ச் செம்பைக்கூட நாங்களே எடுத்துக் கொடுக்கிறோம்" என்றார் மகன். அவர் குரலில் கவலையும் இருந்தது. கடமையைச் செய்த நிறைவும் இருந்தது.

அந்தப் பெரியவரின் தளர்ச்சிக்குக் காரணம் இதயம் அன்று. அன்பின் மிகுதியால் அளிக்கப்பட்ட ஓய்வே. உழைத்தால் உடம்பில் மிஞ்சியுள்ள வலுவும் தீர்ந்துவிடும் என்று நம்மில் பலர் அஞ்சுகிறோம். இவ்வச்சம் நீங்க வேண்டுமானால், தசைகள் தமக்கு வேண்டிய ஆற்றலை எவ்வாறு பெறுகின்றன என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

மூச்சும் எரிதலும்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர், உயிர்களின் சுவாசமும் ஒரு வகை எரிதலே என்று காட்டினார். அவர் நடத்திய சோதனைகளில், ஒருவர் ஓய்வாக இருக்கும்போது உட்கொள்ளும் ஆக்சிஜனைவிட உழைக்கும்போது உட்கொள்வது பன்மடங்கு மிகுதி என்பது தெளிவாயிற்று. நடக்கும்போது மூச்சு வாங்குவது இயல்பு என்பதற்கு அன்றே சான்று கிடைத்துவிட்டது.

எனினும், தசைக்குள் நடப்பது என்ன என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. தசையின் வெப்பத்தை அளந்த இங்கிலாந்தின் ஏ.வி. ஹில்லும், லாக்டிக் அமிலத்தை ஆராய்ந்த ஜெர்மனியின் ஓட்டோ மேயர்ஹாப்பும் 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். லாக்டிக் அமிலமே தசையைச் சுருங்கச் செய்கிறது என்று அக்காலத்தில் கருதப்பட்டது. அக்கருத்தை மாற்றிய கண்டுபிடிப்புகளில் முதன்மையான பங்கு, நம் சென்னையில் மருத்துவம் பயின்ற ஒருவருக்கு உண்டு.

சென்னையில் பயின்ற எல்லாப்ரகட சுப்பாராவ்

எல்லாப்ரகட சுப்பாராவ் 1895இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தவறி, சென்னை திருவல்லிக்கேணியில் பயின்று மூன்றாம் முறை தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த பின், காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தார். இது அறுவை மருத்துவப் பேராசிரியரின் அதிருப்திக்குக் காரணமாயிற்று. முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அவருக்குக் கிடைத்தது எல்.எம்.எஸ். சான்றிதழே. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சிறிது காலம் உடற்கூறியல் கற்பித்துவிட்டு, 1923இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார்.

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்கே என்பவருடன் இணைந்து, உடல் திரவங்களிலும் திசுக்களிலும் உள்ள பாஸ்பரசை அளக்கும் எளிய முறையொன்றை 1925இல் உருவாக்கினார். அந்த அளவுகோலைக் கொண்டு தசைகளை ஆராய்ந்தபோது, பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளை 1927இல் இருவரும் கண்டறிந்தனர். தசை வேலை செய்யும்போது அது குறைந்தது. ஓய்வு கொடுத்ததும் மீண்டும் நிறைந்தது. 1929இல், ஏ.டி.பி. எனப்படும் அடினோசின் ட்ரைபாஸ்பேட்டையும் தசையிலிருந்து பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் தனியாக அதைக் கண்டறிந்தார்.

இந்த ஏ.டி.பி.தான் உயிரணுக்கள் செலவழிக்கும் நாணயம். சோறு, பருப்பு, எண்ணெய் என நாம் எதை உண்டாலும், அதை ஏ.டி.பி.யாக மாற்றிய பின்னரே தசை பயன்படுத்த முடியும். நம் உடலில் எந்த நொடியிலும் கையிருப்பாக இருப்பது சில பத்துக் கிராம்களே. ஆனால் அது செலவாகச் செலவாக மீண்டும் மீண்டும் உருவாக்கப்படுவதால், ஒரு நாளில் புழங்கும் மொத்த அளவு ஏறத்தாழ நம் உடல் எடைக்கே நிகராகும்.

தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் யானைக்கால் நோயைத் தடுக்க வழங்கப்பட்ட டி.இ.சி. மாத்திரையும், பின்னாளில் சுப்பாராவின் தலைமையில் இயங்கிய ஆய்வுக் குழு உலகுக்கு அளித்ததே. அவர் 1948இல் காலமானார்.

திருமலைப் படிகளில் மூன்று வழிகள்

பண்பொழி திருமலைக் குமாரசுவாமி கோவிலுக்குப் படியேறிச் செல்வதை எண்ணிப் பாருங்கள். செலவான ஏ.டி.பி.யை உடல் மூன்று வழிகளில் ஈடு செய்கிறது.

முதல் வழி பாஸ்போகிரியேட்டின். இளைஞன் ஒருவன் துள்ளி ஏறும் முதற் சில படிகளுக்கு இது கைகொடுக்கும். முழு வேகத்தில் ஏறினால் ஏறத்தாழ 10 நொடிகளில் இது பெரிதும் குறைந்துவிடும். சில நிமிடங்கள் நின்றால் மீண்டும் நிறையும்.

இரண்டாம் வழி, தசையிலுள்ள சர்க்கரையை ஆக்சிஜன் இன்றி விரைந்து சிதைப்பது. அவன் நிற்காமல் வேகமாக ஏறினால் ஓரிரு நிமிடங்கள் வரை இவ்வழியே மேலோங்கும். லாக்டிக் அமிலம் உண்டாவது இங்கேதான். இது நச்சுப் பொருள் அன்று; இதயமே இதை எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்கிறது. மறுநாள் தோன்றும் தசைவலிக்கும் இது காரணமன்று. பழக்கமில்லாத உழைப்பால் தசைநார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவே அவ்வலிக்குக் காரணம்.

மூன்றாம் வழி, சர்க்கரையையும் கொழுப்பையும் ஆக்சிஜனின் துணையோடு முழுமையாக எரிப்பது. பாட்டியொருவர் பேசிக்கொண்டே மெல்ல மெல்லப் படியேறி உச்சியை அடைகிறாரே, அது பெரும்பாலும் இவ்வழியால் நிகழ்வது. மெதுவாகத் தொடங்கினாலும் மணிக்கணக்கில் நீடிக்க வல்லது. வாழ்நாள் முழுவதும் ஓயாமல் துடிக்கும் இதயம் நம்பியிருப்பதும் பெரிதும் இவ்வழியையே.

மூன்று வழிகளும் எப்போதும் ஒருங்கே இயங்குகின்றன. வேகத்துக்கேற்ப அவற்றின் பங்குதான் மாறுகிறது. நோயாளிகளுக்கு நாங்கள் பரிந்துரைக்கும் நடை, மூன்றாம் வழியை வளர்ப்பதற்கே. ஒழுங்காக நடப்பவரின் தசைகளில், ஆக்சிஜனைப் பயன்படுத்தும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகளும் நுண் இரத்தக்குழாய்களும் பெருகுகின்றன. அதன் பயனாக, அதே வேலையை இதயம் குறைந்த துடிப்பில் செய்து முடிக்கிறது. மேலும், இயங்கும் தசை இன்சுலின் துணையின்றியும் இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளிழுக்கிறது. நீரிழிவு உள்ளோருக்கு உணவுக்குப் பின் சிறு நடை நன்மை தருவது இதனால்தான்.

ஓய்வு மிகுந்தால்

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, மாரடைப்பு வந்தோரை ஆறு வாரங்கள் படுக்கையிலேயே கிடத்துவது மருத்துவ வழக்கமாக இருந்தது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர்கள் லெவினும் லவுனும் நோயாளிகளை விரைவில் எழுப்பி நாற்காலியில் அமர்த்தி, அதனால் தீங்கில்லை என்று காட்டினர்.

1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், இருபது வயதுடைய உடல்நலமுள்ள 5 இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையிலேயே வைக்கப்பட்டனர். உச்ச உழைப்பில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் அவர்களின் திறன் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, முப்பது ஆண்டு மூப்பால் இழந்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கையால் இழந்ததே மிகுதி எனத் தெரிந்தது. ஆறு மாதப் படிப்படியான பயிற்சியில், மூப்பால் இழந்த திறனையும் அவர்கள் மீட்டனர். இளைஞர்களுக்கே இந்நிலை என்றால், அறுபதைக் கடந்தோரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

• மாரடைப்பு, அறுவை சிகிச்சை, இதயச் செயலிழப்பு ஆகியவற்றுக்குப் பின் எப்போது, எவ்வளவு நடக்கலாம் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டறிந்த பின்னரே தொடங்குங்கள்.

• முதலில் சமதரையில் 5 நிமிடம் போதும். சில நாள்களுக்கு ஒருமுறை ஓரிரு நிமிடங்கள் கூட்டுங்கள். வாரத்துக்கு 150 நிமிட மிதமான நடை என்பது நாளடைவில் எட்ட வேண்டிய இலக்கு.

• நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச்சு தடைப்பட்டால் வேகத்தைக் குறையுங்கள்.

• தொடக்கத்திலும் முடிவிலும் சில நிமிடங்கள் மெதுவாக நடங்கள். உண்ட உடனேயும் கடும் வெயிலிலும் விரைந்து நடக்க வேண்டாம். நிறைகுடம், மூட்டை போன்ற பாரங்களை மருத்துவர் அனுமதிக்கும் வரை தூக்க வேண்டாம்.

• நீரிழிவு உள்ளோர் பொருத்தமான காலணி அணியுங்கள். இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுப்போர் சட்டைப்பையில் சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருங்கள்.

• நெஞ்சுவலி, இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, தலைச்சுற்றல், படபடப்பு, நின்ற பின்னும் அடங்காத மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே அமருங்கள். அறிகுறி தணியாவிட்டால் தாமதமின்றி 108ஐ அழையுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுப்பதைவிட, அதை எடுக்க எழுந்து செல்பவரின் அருகில் துணையாக நடந்து செல்வதே பேருதவி. அச்சன்புதூர்ப் பெரியவரின் மகனிடமும் இதையே கூறினேன். அன்று மாலையே வீட்டுத் திண்ணையிலிருந்து தெருமுனை வரை இருவரும் நடக்கத் தொடங்கினர். அடுத்த மறுபரிசோதனையின்போது, கைகளை ஊன்றாமல் அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.