கதிரைகள் மாறும் கோடைகாலம்: ஹொக்கியில் பொறுப்புக்கூறல் எவ்வளவு காலம் நீடிக்கிறது?

ஸ்காபரோவில் இருக்கும் என் பெரியம்மாவின் மகனோடு மே மாதத்தில் பேசினால் உரையாடல் எப்போதும் ஒரே இடத்தில்தான் தொடங்கும். "இந்த முறையும் லீஃப்ஸ் தோத்துப்போச்சு. இனி ஆரை வெளியில போடப்போறாங்களோ தெரியேல்ல."

அண்ணா தொண்ணூறுகளில் கனடாவுக்குப் போனவர். ஹொக்கி அவருக்குப் பிள்ளைகள் மூலம் வந்த விளையாட்டு. ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணி 1967இற்குப் பிறகு ஸ்டான்லி கிண்ணத்தை வென்றதில்லை என்பதை, ஊரில் நடந்த ஒரு பழைய இழப்பைச் சொல்வதுபோலச் சொல்வார். அவர் சொல்லும் பெயர்கள் பல வருடங்களாக என் காதில் தங்கவில்லை. 2024 கோடையில் அவர் சொன்ன இரண்டு பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன. அந்த இருவரும் ஏற்கெனவே வெளியில் போடப்பட்டிருந்தவர்கள். ஒரு குற்றச்சாட்டை மூடி மறைத்த விவகாரத்தில் பதவி விலகியவர்கள். "இப்ப திருப்பி எடுக்கலாமாம்" என்றார் அண்ணா.

யார் வெளியேற்றப்படுகிறார்கள், யார் திரும்பி வருகிறார்கள், அதை யார் தீர்மானிக்கிறார்கள்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஏன் முதலில் பயிற்றுவிப்பாளர்?

வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் (என்.எச்.எல்.) 32 அணிகள் உள்ளன. ஒக்டோபரில் தொடங்கும் பருவம் ஏப்ரலில் முடிகிறது. 16 அணிகள் அடுத்த சுற்றுகளுக்குப் போகின்றன. ஜூனில் ஓர் அணி கிண்ணத்தைத் தூக்குகிறது. மற்ற 31 அணிகளின் உரிமையாளர்களும் ரசிகர்களுக்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டும்.

அணியின் நிர்வாகம் ஓர் ஏணி போன்றது. வீரர்களை ஆடுகளத்தில் இறக்குபவர் தலைமைப் பயிற்றுவிப்பாளர். வீரர்களை வாங்கி விற்று, ஒப்பந்தம் எழுதுபவர் பொது முகாமையாளர். அவருக்கு மேல் தலைவர், அவருக்கும் மேல் உரிமையாளர். தோல்விக்கான தண்டனை பெரும்பாலும் ஏணியின் கீழ்ப்படியிலிருந்தே தொடங்கும்.

இதற்குக் கணக்கு ரீதியான காரணம் இருக்கிறது. ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடக்கூடிய சம்பளத்துக்கு லீக் உச்சவரம்பு விதிக்கிறது. 2024-25 பருவத்தில் அது 88 மில்லியன் அமெரிக்க டொலர். ஒரு வீரரின் ஒப்பந்தத்தை இடையில் முறித்தால், அதற்காகக் கொடுக்கும் பணம் பல வருடங்களுக்கு அந்த உச்சவரம்பைத் தின்னும். பயிற்றுவிப்பாளரின் சம்பளம் அந்தக் கணக்கில் சேராது. இருபது வீரர்களை மாற்ற முடியாத உரிமையாளர் ஒரு பயிற்றுவிப்பாளரை மாற்றுகிறார்.

ஆனால் வெளியே போனவர் அதிக தூரம் போவதில்லை. 2023 மே 19 அன்று லீஃப்ஸ் அணி பொது முகாமையாளர் கைல் டூபாஸுடனான உறவை முடித்துக்கொண்டது. ஜூன் 1 அன்று அவர் பிற்ஸ்பேர்க் அணியின் தலைவர். அவருடைய கதிரைக்கு வந்த பிராட் ட்ரெலிவிங், கல்கரி அணியை விட்டு விலகி இரண்டு மாதம்கூட ஆகாதவர். அடுத்த வருடம் மே 9 அன்று பயிற்றுவிப்பாளர் ஷெல்டன் கீஃப் நீக்கப்பட்டார். இரண்டு வாரங்களில் நியூ ஜேர்சி அணி அவரை எடுத்துக்கொண்டது.

இதில் தவறில்லை. தோற்பது குற்றமல்ல, அனுபவம் உள்ளவருக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைப்பதும் நியாயமானதே. தோல்விக்காகப் போனவருக்குத் திறக்கும் அதே கதவு, வேறு காரணத்துக்காகப் போனவருக்கும் அதே மாதிரித் திறக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

2010 மே 23: ஒரு மணிநேரத்துக்குள் ஒரு கூட்டம்

2010 வசந்தகாலத்தில் சிக்காகோ பிளாக்ஹோக்ஸ் அணி, 49 வருடங்களுக்குப் பிறகு கிண்ணத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அவசரத்துக்கு உதவ, மேலதிக இளம் வீரர்கள் சிலரை அணி உடன் வைத்திருந்தது. அவர்களில் ஒருவர் கைல் பீச். வயது 20. 2008இல் புதிய வீரர்களைத் தெரிவு செய்யும் நிகழ்வில் 11ஆவது ஆளாகச் சிக்காகோ அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. மிகப் பெரிய எதிர்காலம் அவருக்கு எதிர்பார்க்கப்பட்டது.

அணியின் காணொளிப் பயிற்றுவிப்பாளராக இருந்த பிராட் ஓல்ட்ரிச் தன்னை மிரட்டிப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தினார் என்று பீச் முறையிட்டார். இருவருடைய சம்மதத்துடனேயே நடந்தது என்று ஓல்ட்ரிச் பின்னர் விசாரணையாளர்களிடம் கூறினார்.

மே 23 அன்று சிக்காகோ இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றது. அந்த வெற்றிக்குப் பின் ஒரு மணிநேரத்துக்குள் அணியின் உயர்மட்டத்தினர் ஓர் அறையில் கூடினார்கள். தலைவர் ஜோன் மக்டொனா, பொது முகாமையாளர் ஸ்டான் போமன், மூத்த நிர்வாகி அல் மக்ஐசக், தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஜோயல் குவென்வில் ஆகியோர் அங்கிருந்தவர்களில் அடங்குவர். அந்த அறையில் என்ன சொல்லப்பட்டது என்பதில் அவர்களுடைய நினைவுகள் வேறுபடுகின்றன. ஒரு வீரரிடம் ஓல்ட்ரிச் விரும்பத்தகாத பாலியல் முறையில் நடந்துகொள்ள முயன்றார் என்ற அளவிலாவது தங்களுக்குச் சொல்லப்பட்டதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இவ்வளவு தூரம் வருவதற்கு அணி கடுமையாகப் பாடுபட்டது, இந்தப் பிரச்சினையை இப்போது கையாள முடியாது என்ற கருத்தைக் குவென்வில் வெளியிட்டதாக போமன் விசாரணையில் நினைவுகூர்ந்தார்.

மூன்று வாரங்கள் எதுவும் நடக்கவில்லை. ஓல்ட்ரிச் தொடர்ந்து வேலை செய்தார். ஜூன் 9 அன்று சிக்காகோ கிண்ணத்தை வென்றது. வெற்றிக் கொண்டாட்டங்களில் அவரும் இருந்தார். அடுத்த நாள் இரவு 22 வயதான ஒரு பயிற்சி ஊழியரிடமும் அவர் அத்துமீற முயன்றதாக அறிக்கை சொல்கிறது. ஜூன் 14 அன்றுதான் விடயம் மனிதவளப் பிரிவுக்குப் போனது. விசாரணையா, பதவி விலகலா என்று ஓல்ட்ரிச்சிடம் கேட்கப்பட்டது. அவர் விலகலைத் தெரிவு செய்தார். விசாரணை நடக்கவில்லை. பணமும் பெற்றுக்கொண்டார். அவருடைய பெயர் ஸ்டான்லி கிண்ணத்தில் பொறிக்கப்பட்டது.

2013இல் மிச்சிகன் மாநிலத்தில், பாடசாலை அணி ஒன்றுடன் தொடர்புபட்டிருந்த காலத்தில், ஒரு மாணவர் மீதான பாலியல் குற்றத்தை ஓல்ட்ரிச் ஒப்புக்கொண்டு சிறை சென்றார். 2010இல் விசாரித்திருந்தால் அந்த மாணவர் காப்பாற்றப்பட்டிருப்பாரா என்ற கேள்விக்கு இனி யாராலும் பதில் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வியிலிருந்து அந்த அறையில் இருந்தவர்கள் எவரும் தப்பவும் முடியாது.

பதினொரு வருடங்களின் பின் ஓர் அறிக்கை

2021 மே மாதத்தில் பெயர் குறிப்பிடாத ஒருவர் அணிக்கு எதிராக வழக்குத் தொடுத்தார். ரொறன்ரோ ஊடகவியலாளர் ரிக் வெஸ்ட்ஹெட் போன்றவர்கள் விடாமல் எழுதினார்கள். குற்றச்சாட்டைப் பற்றித் தான் அந்தக் கோடையில் ஊடகங்கள் மூலமே முதலில் அறிந்ததாகக் குவென்வில் சொன்னார். அழுத்தம் கூடவே அணி ஒரு சட்ட நிறுவனத்தை விசாரணைக்கு அமர்த்தியது.

139 சாட்சிகளுடன் பேசி எழுதப்பட்ட 107 பக்க அறிக்கை ஒக்டோபர் 26 அன்று வெளியானது. அன்றே போமனும் மக்ஐசக்கும் வெளியேறினார்கள். மறுநாள் கைல் பீச் தொலைக்காட்சியில் தன் முகத்தையும் பெயரையும் வெளிப்படுத்தினார். அப்போது அவர் ஜேர்மனியின் மூன்றாம் நிலை லீக்கில் விளையாடிக்கொண்டிருந்தார். என்.எச்.எல்.லில் அவர் ஒரு போட்டிகூட விளையாடியதில்லை. அதற்கு அடுத்த நாள், புளோரிடா அணியின் பயிற்றுவிப்பாளராகியிருந்த குவென்வில் பதவி விலகினார். கூட்டத்தில் இருந்த இன்னொருவரான கெவின் ஷெவல்டேயொஃப், அன்று அதிகாரம் குறைந்த பதவியில் இருந்தார் என்று கூறி லீக் அவரைத் தண்டிக்காமல் விட்டது.

அணிக்கு லீக் விதித்த தண்டம் 2 மில்லியன் டொலர். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு விடயம்: 2010இல் ஒரு வீரரின் ஒப்பந்தத்தைச் சம்பள உச்சவரம்பை ஏய்க்கும் விதமாக எழுதியதற்காக நியூ ஜேர்சி அணிக்கு லீக் முதலில் விதித்த தண்டம் 3 மில்லியன் டொலர். அதோடு புதிய வீரர்களைத் தெரிவு செய்யும் வாய்ப்புகளும் பறிக்கப்பட்டன. அந்தத் தண்டனை பின்னர் குறைக்கப்பட்டது உண்மை. சிக்காகோவுக்கோ அப்படி எந்த வாய்ப்பும் பறிக்கப்படவில்லை.

கிண்ணத்தில் ஓல்ட்ரிச்சின் பெயர் மேல் எக்ஸ் குறிகள் அடிக்கப்பட்டன. டிசம்பரில் பீச்சும் அணியும் இணக்கத்துக்கு வந்தார்கள். 2022 பெப்ரவரியில் ரசிகர்கள் முன்னிலையில் ஓர் ஊடகவியலாளர், இனி இப்படி நடக்காதிருக்க என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோது, உரிமையாளர் ரொக்கி வேர்ட்ஸ் கோபப்பட்டு, அதைப்பற்றிப் பேசப்போவதில்லை என்றார். அன்று மாலையே மன்னிப்பும் கேட்டார்.

திரும்பி வந்தவர்கள்

2024 ஜூலை 1. வீரர்களின் ஒப்பந்தச் சந்தை திறக்கும் நாள். ஹொக்கி உலகம் முழுவதும் யார் எந்த அணிக்குப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்த அன்றுதான், போமன், மக்ஐசக், குவென்வில் மூவரும் மீண்டும் வேலைக்கு அமர்த்தப்படலாம் என்று லீக் அறிவித்தது. தங்களுடைய பங்கு போதாமையானது என்று அவர்கள் ஏற்றுக்கொண்டதாகவும், பல பயிற்சித் திட்டங்களில் ஈடுபட்டதாகவும் காரணம் கூறப்பட்டது. இரண்டு வருடமும் எட்டு மாதமும் கழிந்திருந்தன.

ஜூலை 24 அன்று எட்மன்டன் ஒயிலர்ஸ் அணி போமனைப் பொது முகாமையாளராக்கியது. ஒரு மாதத்துக்கு முன்னர்தான் அந்த அணி இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டத்தில் தோற்றிருந்தது. கிண்ணத்துக்கு ஒரு படி குறைவு, அதை வென்று காட்டிய நிர்வாகி ஒருவர் கிடைக்கிறார். 2025 மே 8 அன்று, ஏழு பருவங்களாக அடுத்த சுற்றுக்குப் போகாத அனஹைம் டக்ஸ் அணி குவென்விலை எடுத்தது. அவருடைய பெயரில் 969 வெற்றிகள் இருந்தன. லீக் வரலாற்றில் அவரைவிட அதிகம் வென்ற ஒரே பயிற்றுவிப்பாளர் ஸ்கொட்டி போமன், அதாவது ஸ்டான் போமனின் தந்தை. ஸ்டான்லி கிண்ணத்தின் பெயரைத்தான் அவர் மகனுக்கு வைத்தார். இந்த உலகம் எவ்வளவு சிறியது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

மனிதர்கள் திருந்த முடியாது என்று நான் வாதிடவில்லை. வாழ்நாள் தடை ஒன்றே நீதி என்றும் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு காலம் போதுமென்று தீர்மானித்தவர் யார் என்று பார்க்க வேண்டும். லீக்கின் ஆணையாளர் கரி பெட்மன் தீர்மானித்தார். அவருக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் அணி உரிமையாளர்கள். அந்த முடிவால் பயன் பெறுபவர்களும் அவர்களே. 2010 மே மாதத்தில் ஒரு வெற்றிக்காக உண்மை தள்ளிவைக்கப்பட்டது. 2024இலும் 2025இலும் அதே வெற்றியின் தேவைதான் கதவைத் திறந்தது.

'பொறுப்புக்கூறல்' என்ற சொல்லின் பொருளை இந்த வாசகர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரு விளையாட்டு நிர்வாகத்தின் தவறை நாங்கள் அனுபவித்தவற்றோடு ஒப்பிடுவது பொருந்தாது. ஆனால் அறிக்கை வெளியான நாளோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை என்பதைப் படித்தறியாமலே அறிந்தவர்கள் நாங்கள்.

கொலம்பஸில் ஐந்து நாட்கள்

வேறு விதமாக முடிந்த ஒரு கோடையும் உண்டு. 2023 ஜூலை 1 அன்று கொலம்பஸ் அணி மைக் பப்கொக்கைப் பயிற்றுவிப்பாளராக நியமித்தது. முன்பு ரொறன்ரோவில் இருந்தபோது, சக வீரர்களில் யார் உழைப்பாளி என்று ஒரு புதிய வீரரிடம் பட்டியல் எழுதி வாங்கி அதை வெளிப்படுத்தியவர் என்ற பேச்சு ஏற்கெனவே அவர் மேல் இருந்தது. செப்டெம்பர் 12 அன்று, அவர் வீரர்களின் கைப்பேசியில் உள்ள சொந்தப் படங்களைக் காட்டச் சொன்னார் என்ற செய்தி வெளிவந்தது. முதலில் மறுப்பு வந்தது. ஆனால் வீரர் சங்கத்தின் தலைவர்கள் நேரடியாகக் கொலம்பஸ் போய் வீரர்களிடம் பேசினார்கள், பிறகு லீக்கிடம் போனார்கள். செப்டெம்பர் 17 அன்று பப்கொக் விலகினார். அந்த அணிக்காக அவர் ஒரு போட்டியைக்கூட நடத்தவில்லை.

இரண்டு சம்பவங்களின் கனமும் ஒன்றல்ல. ஆனாலும் வேறுபாடு எங்கே இருந்தது என்பது தெளிவு. 2010இல் முறைப்பாடு அணி நிர்வாகத்தின் அறைக்குள் போய் அங்கேயே நின்றது. 2023இல் கிண்ணத்தில் பங்கு இல்லாத ஒரு தரப்பு இளம் வீரர்களிடம் போய்க் கேட்டது.

அண்ணாவின் இளைய மகனும் ஹொக்கி விளையாடுகிறான். ஒன்ராறியோவில் பிள்ளையைச் சேர்க்கும்போது பெற்றோரில் ஒருவர் 'ரெஸ்பெக்ட்' என்ற நிறுவனத்தின் இணையப் பாடம் ஒன்றை முடிக்க வேண்டும். அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஷெல்டன் கெனடி. தன் இளவயதுப் பயிற்றுவிப்பாளர் தனக்குச் செய்த பாலியல் கொடுமையை 1997இல் வெளிப்படையாகச் சொன்ன முன்னாள் என்.எச்.எல். வீரர். போமன் தன் இடைவெளிக் காலத்தில் பணியாற்றியதும் அதே நிறுவனத்தோடுதான்.

அண்ணா அந்தப் பாடத்தை இரவு வேலைக்குப் போகுமுன் செய்து முடித்தாராம். "எல்லாம் சொல்லித் தாறாங்கள்" என்றார். "ஆனா பெடியன் கோச்சைப் பற்றி ஏதும் சொன்னா, நான் கிளப்பிட்டப் போறதோ, வெளியில ஆரிட்டயும் போறதோ? அதுதான் எனக்குத் தெரிய வேணும்."

வெளியில் போங்கள் என்றேன்.