ஒரு நிமிடத்தில் முந்நூறு அடி

அமெரிக்க ஜாஸ் இசையில் ‘பிக் பாண்ட்’ என்றொரு பெருங்குழு உண்டு. ஐந்து சக்ஸபோன், நான்கு ட்ரம்பெற், நான்கு ட்ரொம்போன், இவற்றுடன் பியானோ, பேஸ், கிற்றார், டிரம்ஸ் என்று பதினேழு பேர் வரையில் மேடையில் இருப்பர். ட்ரம்பெற் வாசிப்பவரின் முன்னாலுள்ள தாளில் ஒவ்வொரு சுரமும் எழுதப்பட்டிருக்கும். டிரம்ஸ் வாசிப்பவரின் தாளிலோ பெரும்பாலும் சாய்கோடுகளே இருக்கும். நான்கு அடி கொண்ட ஒரு கட்டத்துக்கு நான்கு கோடுகள். ‘தாளத்தை நடத்திச் செல்’ என்பதே அவற்றின் பொருள். ஆங்காங்கே கோடுகளுக்கு மேலே சில சிறிய குறிகள் காணப்படும். அவ்விடத்தில் பித்தளை வாத்தியங்கள் ஒருமிக்க வெட்டி முழங்கும் என்பதற்கு அவை அடையாளம். வேறு சில இடங்களில் ‘நிரப்பு’ என்ற கட்டளை மட்டும் இருக்கும். எதனால் நிரப்புவது என்பது வாசிப்பவர் பொறுப்பு.

ஆகவே, கடினமானதொரு டிரம்ஸ் பகுதியைப் பாடம் பண்ணுவதென்பது பெரும்பாலும் தாளில் எழுதப்படாததைப் பாடம் பண்ணுவதேயாகும். மற்றப் பதினாறு பேரும் எங்கே மூச்செடுக்கிறார்கள், எங்கே ஒன்றுகூடுகிறார்கள் என்பதைச் செவியால் அறிந்திருக்க வேண்டும். ட்ரம்பெற்றுகள் முழங்குவதற்கு அரைநொடி முன்னதாக ஓர் உருட்டு உருட்டி, ‘இதோ வருகிறது’ என்று அவர்களைத் தூக்கிக்கொடுப்பது டிரம்ஸ்காரரின் கடமை. தூக்கிக்கொடுக்க ஒரு கணம் பிந்தினால் பதின்மூன்று ஊதுவாத்தியங்களும் தடுமாறும்.

நேயர்களுள் தமிழ் யாப்புப் படித்தவர்கள் பலர் இருப்பீர்கள். ஜாஸ் தாளத்தின் அடிப்படையை உங்களுக்கு மாத்திரைக் கணக்கிலேயே சொல்லிவிடலாம். ஓர் அடியை மூன்று மாத்திரையாகக் கொள்ளுங்கள். வலக்கைக் குச்சி பெரிய சிம்பலில் முதலடியில் ஒருமுறை தட்டி மூன்று மாத்திரையும் ஒலிக்க விடுகிறது. நமது அளபெடை போல என்க. இரண்டாமடியில் இரண்டு தட்டல்கள்: முதலாவது இரண்டு மாத்திரை, அடுத்தது ஒரு மாத்திரை. அதாவது நெடிலும் குறிலும். மூன்றாம் நான்காம் அடிகளில் இதுவே திரும்ப வரும். இந்த நெடில் குறில் ஊசலாட்டத்தைத்தான் ‘ஸ்விங்’ என்கிறார்கள். இதற்கிடையில் இடக்கால் இரண்டாம் நான்காம் அடிகளில் ‘ஹை-ஹெற்’ என்னும் இரட்டைச் சிம்பலை மூடும். வலக்கால் பெரிய முரசை மெதுவாக, கேட்டும் கேளாமலும் தொடும். இடக்கை ‘ஸ்நேர்’ முரசில் தன் விருப்பப்படி பேசும். ஒரு மனிதன், நான்கு வேலை.

வேகம் கூடும்போது இக்கணக்கு மாறிவிடுகிறது. மெதுவான பாட்டில் நெடில் நன்கு நீண்டிருக்கும். வேகம் கூடக் கூட நெடில் குறுகி, குறிலோடு ஏறத்தாழச் சமமாகிவிடும். மெதுநடையில் பழகியதை அப்படியே வேகத்துக்கு ஏற்ற முற்படும் மாணவன் இங்கேதான் முட்டிக்கொள்கிறான். நிமிடத்துக்கு 300 அடி என்பது ஜாஸில் வேகமான நடை, ஆனால் அபூர்வமானதன்று. அந்த நடையில் நான்கு அடிகள் கழிய ஒரு விநாடிகூடச் செல்லாது. 0.8 விநாடிதான். அதற்குள் வலக்கை ஆறு முறை தட்டியாக வேண்டும். நிமிடத்துக்கு 450 தட்டல்கள். மூன்று நிமிடப் பாட்டொன்றில் வலக்கை மாத்திரம் 1350 தட்டல்கள் தட்டுகிறது.

புயபலத்தால் இதைச் செய்ய முடியாது. சிம்பலில் விழும் குச்சி தானாகவே துள்ளி எழும். அத்துள்ளலை விரல்களால் ஏந்தித் திருப்பியனுப்புவதே உபாயம். சான்போர்ட் மோலர் என்ற அமெரிக்க முரசு ஆசிரியர் 1925இல் வெளியிட்ட பாடநூலின் வழியே பரவிய முறையொன்று இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. சாட்டை வீசுவதுபோல் முன்கையை ஒருமுறை அசைத்து, அந்த ஒரே அசைவிலிருந்து இரண்டு மூன்று தட்டல்களைப் பெறும் முறை அது. கை இறுகினால் எல்லாம் கெட்டுவிடும். இறுகிய கைதான் சீக்கிரம் களைக்கும். தோல் உரிவதும் அங்கேதான்.

பயிலும் வழி எளியது, சலிப்பூட்டுவது. தாளமானியை நிமிடத்துக்கு 100 என்று வைத்து, பிழையின்றி ஒலிக்கும்வரை அங்கேயே நிற்பது. பின்னர் நான்கு, ஐந்து என்று மெல்லக் கூட்டுவது. தவறினால் மீண்டும் இறங்குவது. மெதுநடைக்கு ஒரு தனிக்குணம் உண்டு: அதில் பிழை ஒளிந்துகொள்ள இடமில்லை. வேகத்தில் வாசித்தால் ஆரவாரம் குறையை மூடிவிடும். இன்னுமோர் உத்தியும் உண்டு. 300 அடியையும் ஒவ்வொன்றாக எண்ணுபவர் மூச்சுத்திணறிப் போவார். நான்கு அடியை ஒன்றாக்கி, நிமிடத்துக்கு 75 என்று மனத்தில் எண்ணினால் உடல் இளகும். எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளை சொல்லாக வாசிக்கத் தொடங்கும் கட்டத்தோடு இதை ஒப்பிடலாம்.

ஏழடித் தாளமும் அப்படியே. ஹாங்க் லெவி இயற்றிய ‘விப்லாஷ்’ என்ற உருப்படி ஏழின் கணக்கில் அமைந்தது. டொன் எலிஸ் குழு அதை 1973இல் ‘சோறிங்’ என்ற இசைத்தட்டில் வெளியிட்டது. ஏழை ஏழாகவே எண்ணினால் கால் இடறும். மூன்றும் நான்குமாகப் பிரித்துக்கொண்டால் நடை வந்துவிடும். நம் மிருதங்கக்காரர் மிஸ்ரத்துக்குத் ‘தகிட தகதிமி’ என்று வாயாற் சொல்லிப் பழகுவதும் இதுவே. 1970களில் விக்கு விநாயக்ராம் முதலானோருடன் ‘சக்தி’ குழுவில் வாசித்த ஜாஸ் கிற்றார் கலைஞர் ஜோன் மக்லோக்லின், பின்னர் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷுடன் சேர்ந்து கொன்னக்கோல் பாடமொன்றையே ஒளித்தட்டாக வெளியிட்டார்.

‘விப்லாஷ்’ என்ற பெயரை இன்று பலரும் அறிவது 2014இல் டேமியன் சாஸெல் இயக்கிய திரைப்படத்தால். இசைக்கல்லூரி ஆசிரியர் ஒருவர் டிரம்ஸ் மாணவனை ஏசுகிறார், கன்னத்தில் அறைகிறார், கதிரையைத் தூக்கி எறிகிறார். மாணவன் கையில் இரத்தம் வடிய வடிய வாசிக்கிறான். முடிவில் ‘கரவன்’ என்ற உருப்படியை வாசித்து மேடையையே வென்றுவிடுகிறான். ஆசிரியராக நடித்த ஜே. கே. சிமன்ஸுக்கு ஒஸ்கார் விருதும் கிடைத்தது. என் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் இப்படத்தைப் பார்த்துவிட்டு வந்து, “சேர், அந்த மனுசன் செய்தது சரிதானே? இல்லாட்டி அவன் அப்பிடி வாசிச்சிருப்பானோ?” என்று கேட்டார்கள். பிரம்பைப் பார்த்து வளர்ந்த சமூகத்தில் இக்கேள்வி விளையாட்டுக் கேள்வியன்று.

நான் அவர்களிடம் திருப்பிக் கேட்டது, அந்த ஆசிரியர் படத்தில் எதைக் கற்பித்தார் என்பதே. வேகம் பிழை என்கிறார். எப்படித் திருத்துவது என்று சொல்வது மிக அரிது. மேலே நான் சொன்ன துள்ளலோ, இளக்கமோ, மெதுநடையோ அவர் வாயில் வருவதில்லை. கையிலிருந்து இரத்தம் வந்தால் குச்சியைப் பிடித்த விதம் பிழையென்று நல்ல ஆசிரியர் சொல்லுவார். படமோ அதை வீரத்தழும்பாகக் காட்டுகிறது. படமாக அது சிறந்த படம். பாடமாக மோசமான பாடம் என்பது என் கருத்து.

சார்லி பார்க்கர் மேதையானதே, டிரம்ஸ் வாசித்த ஜோ ஜோன்ஸ் அவர் தலையைக் குறிவைத்துச் சிம்பலை எறிந்ததால்தான் என்று அந்த ஆசிரியர் வாதிடுகிறார். 1936இல் கன்சாஸ் நகரில் நடந்தது வேறு. பார்க்கர் அப்போது பதின்வயதுப் பையன். வாசிப்பில் தடம் புரண்டபோது ஜோன்ஸ் சிம்பலை அவர் தலையில் எறியவில்லை, காலடியில் போட்டார். அவமானந்தான், ஐயமில்லை. ஆனால் அடுத்த ஆண்டு கோடையில் ஓசார்க் மலைப்பகுதிக்கு வாசிக்கச் சென்ற பார்க்கர், லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுப் பயின்றார். நாளொன்றுக்குப் பதினொரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் மூன்று நான்கு ஆண்டுகள் பயின்றதாகப் பின்னாளில் வானொலிப் பேட்டியொன்றில் அவரே சொன்னார். படத்தின் ஆசிரியர் சிம்பலை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்.

படத்தின் மாணவன் தெய்வமாகக் கொண்டாடுபவர் படி றிச். 1917இல் புறூக்லினில் பிறந்து, நடக்கத் தொடங்கிய வயதிலேயே மேடையேறி முரசடித்தவர். அவருக்குச் சுரக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. புதிய உருப்படி வந்தால் வேறொரு டிரம்ஸ்காரரை இருத்திக் குழுவோடு வாசிக்கச் செய்து, தாம் எதிரே அமர்ந்து கேட்பார். பின்னர் எழுந்துபோய்த் தாமே வாசிப்பார். பிறவி மேதை என்பதற்கு இவரைவிட உதாரணம் வேண்டாம். அத்தகையவருக்கும் 1966இல் ஓர் உருப்படி தண்ணீர் காட்டியது. லெனார்ட் பேர்ன்ஸ்டைனின் ‘வெஸ்ட் சைட் ஸ்ரோறி’ இசைநாடகப் பாடல்களைப் பில் றெடி என்பவர் பத்து நிமிடமளவு நீளும் தொடராகப் பின்னிக் கொடுத்தார். தாளமும் வேகமும் அடிக்கடி மாறும். அதைக் கைவசப்படுத்த ஏறக்குறைய ஒரு மாதம் ஓயாத ஒத்திகை வேண்டியிருந்ததாகச் சொல்லப்படுகிறது.

றிச் சாந்தசீலர் அல்லர். பயணப் பேருந்தில் அவர் தம் குழுவினரை வசைபாடியதை அவர்களுள் ஒருவர் இரகசியமாகப் பதிவுசெய்து, அந்த ஒலிநாடாக்கள் உலகெங்கும் பரவின. ஆனால் அந்த ஒரு மாத ஒத்திகையின் பலனை வசையில் தேட முடியாது, இசைத்தட்டில் கேட்கலாம். ‘ஸ்விங்கிங் நியூ பிக் பாண்ட்’ என்ற அத்தட்டு இன்று இணையத்திலும் கிடைக்கிறது. கேட்க விரும்பும் நேயர்கள் முதல் தடவை முரசை விட்டுவிட்டுப் பித்தளை வாத்தியங்களை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாந் தடவை, அவை முழங்குவதற்குச் சற்று முன்னர் முரசில் என்ன நடக்கிறதென்று கவனியுங்கள்.